எழுபது நோட்டும் ஒரு கழித்தல் குறியும்

நேற்று மாலை ஹரித்ராநதி வடகரையில், வழக்கமாக உட்காரும் படிக்கட்டில் நாங்கள் நான்கு பேர். மழை, மாத்திரை, பென்ஷன் எல்லாம் முடிந்து பேச்சு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தெரிந்த பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவில் அறுபத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் ஆதங்கப்பட்டேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் சிரித்தார்.

"என்ன வாத்தியாரே, நாம படிக்கிறப்போ எத்தனை பேர்? என் கிளாஸ்ல அறுபத்தெட்டு பேர். நமக்குக் கணக்கு வரலையா? வாத்தியார் ஒழுங்கா நடத்தினா எழுபது பேர் இருந்தா என்ன, நூறு பேர் இருந்தா என்ன?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபத்தால் மட்டும் அல்ல. இதே வசனத்தை நானும் இருபது வருடங்களுக்கு மேல் பேசியிருக்கிறேன். எப்போது நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்பதை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் சூடாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பரின் அறுபத்தெட்டு பேர். அவர் வீட்டுக் கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ மாட்டியிருக்கிறார். ஒருமுறை அதன் முன்னால் நின்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். இவன் டாக்டர், இவன் மின்வாரியத்தில் இன்ஜினியர், இவன் என்னோடு பேங்க் பரீட்சை எழுதியவன் என்று பதினாலு பேர் வரை உற்சாகமாகச் சொன்னார். மீதிப் பேர்? "தெரியலை சார், ஊர்லயே எங்கேயாவது இருப்பாங்க." ஜெயித்தவன் மட்டும் சாட்சி சொல்ல வருகிற வழக்கு இது. தோற்றவனை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. அறுபத்தெட்டு பேர் வகுப்பில் கணக்கு வந்தது என்றால், யாருக்கு வந்தது என்று கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்து சேர்ந்ததே வடிகட்டிய கூட்டம். ஐந்தாவதோடு மாடு மேய்க்கப் போனவர்கள், எட்டாவதில் ஃபெயிலாகி மளிகைக் கடைக்குப் போனவர்கள், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எல்லாரும் அந்த போட்டோவுக்கு முன்பே கழிந்துவிட்டார்கள். இன்று அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல காரியம் என்பதுதான் என் கட்சி. ஆனால் எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டு, பெஞ்சை மட்டும் பழைய கணக்கில் போட்டால் எப்படி?

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வருடங்கள் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். பத்தாம் வகுப்பில் முப்பத்துநான்கு பேர். பாதி பீரியடு கரும்பலகை, பாதி பீரியடு பெஞ்சுக்குப் பெஞ்சு நடை. நோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததே இல்லை. அங்கேயே குனிந்து பார்த்து, அங்கேயே திருத்திவிடுவேன். கணக்கு வாத்தியார் நல்ல வாத்தியார் என்று பெயர் கிடைத்தது. நானும் நம்பினேன்.

பிறகு நகரத்துப் பெரிய பள்ளிக்கு மாற்றல். ஒரு பிரிவில் எழுபது பேர். அதே ஆள், அதே சாக்பீஸ், அதே புத்தகம். நான் நன்றாகத்தான் நடத்தினேன். சொல்லப்போனால் அனுபவம் கூடி, முன்னைவிட நன்றாகவே நடத்தினேன். குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். கரும்பலகையில் எழுத்து முத்து மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள்.

2003ஆம் வருடம். அதற்கு முந்தைய ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை இல்லை. நம் பகுதி ஜனங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், பொதுத்தேர்வில் மற்ற பாடங்கள் எல்லாம் தேறிக் கணக்கில் மட்டும் 29 வாங்கினான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அப்பா விவசாயக் கூலி. மறுதேர்வுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று அம்மா வந்து நின்றார்கள். மாலையில் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பச் சொன்னேன்.

முதல் நாள். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கணக்கைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் அவன் பென்சிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், உள்ளே இருக்கிற எல்லா உறுப்புகளுக்கும் குறி மாற வேண்டும். அவன் முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றினான். எளிமையாகச் சொன்னால், 10 − (6 − 2) என்பதை 10 − 6 − 2 என்று எழுதினான். விடை 6 வர வேண்டிய இடத்தில் 2 வரும். அவ்வளவுதான் அவனுடைய வியாதி. ஆனால் அந்த ஒரு குறி எங்கெல்லாம் போகிறது பாருங்கள். பல்லுறுப்புக் கோவை வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் கழிக்க வேண்டும், அங்கே தப்பு. நீக்கல் முறையில் ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும், அங்கே தப்பு. விகிதமுறு கோவைகளைக் கழித்தலில் தப்பு. முறை எல்லாம் அவனுக்குத் தெரியும். எந்த முறையைப் பிடித்தாலும் நடுவழியில் அதே பள்ளத்தில் விழுவான். எனக்குக் கணக்கு வராது என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

"ஏண்டா, எத்தனை நாளா இப்படிப் போடுறே?"

"எட்டாவதுலேர்ந்து இப்படித்தான் சார்."

"இது தப்புன்னு யாரும் சொல்லலையா?"

அவன் பதில் சொல்லாமல் பையிலிருந்து அந்த வருடத்து வீட்டுப்பாட நோட்டை எடுத்துக் காட்டினான். அதே தப்பு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, கையெழுத்து. என் கையெழுத்து. கடைசி வரியில் விடை மட்டும் சரியாக இருந்தது, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறேன்.

நான் சோம்பேறி அல்ல என்று இப்போதும் சொல்வேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டை வரிவரியாகப் படித்துத் திருத்த மூன்று நிமிடம். எழுபது நோட்டுக்கு 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். எனக்கு அப்படி நான்கு பிரிவுகள். ஒரே ஒரு நாள் வீட்டுப்பாடத்தைத் திருத்த பதினான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று வீட்டுப்பாடம் கொடுத்தால் 42 மணி நேரம். பள்ளிக்குப் போகவே வேண்டாம், திருத்திக்கொண்டே இருக்கலாம். அதனால் எல்லா வாத்தியார்களும் செய்வதை நானும் செய்தேன். கடைசி வரி, டிக், தேதி, கையெழுத்து. இப்போதும் பெரிய வகுப்புகளில் அதுதான் நடக்கிறது. செய்யவில்லை என்று எந்த ஆசிரியராவது சொன்னால் அவர் நோட்டுக் கட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வகுப்பு நேரத்தையும் கணக்கிடுவோம். ஒரு பீரியடு 45 நிமிடம். வந்து உட்கார்ந்து அமைதியாக ஐந்து நிமிடம், கரும்பலகைக்கு இருபத்தைந்து. மீதி பதினைந்து நிமிடம். ஒரு பிள்ளையின் பக்கத்தில் இரண்டு நிமிடமாவது நின்றால்தான் அது எங்கே தடுக்குகிறது என்று தெரியும். அப்படியானால் ஒரு நாளைக்கு ஏழு பிள்ளைகள். முப்பத்தைந்து பேர் வகுப்பு என்றால் ஐந்து வேலை நாளில் ஒரு சுற்று முடியும். எழுபது பேர் என்றால் பத்து நாள். முதல் வகுப்பில் ஒரு தப்பின் ஆயுள் ஒரு வாரம், இரண்டாவதில் இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் பாடமே முடிந்து அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம். தப்பு மட்டும் கூடவே வரும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பெரிய வகுப்பு கெடுப்பது நடத்துவதை அல்ல, திருத்துவதை. வரலாற்றுப் பாடத்தை இருநூறு பேருக்கும் சுவையாகச் சொல்லலாம். கணக்கு அப்படியல்ல. அது கரும்பலகையில் நடப்பதில்லை, பிள்ளையின் நோட்டில் நடக்கிறது. அந்த நோட்டை யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். "நல்லா நடத்தினா போதும்" என்பவர்கள் கணக்கு வாத்தியாரைக் கதாகாலட்சேபம் செய்பவராக நினைக்கிறார்கள். அவர் வைத்தியர் மாதிரி. எழுபது நோயாளிகளையும் ஒன்றாக உட்கார வைத்து மைக்கில் வைத்தியம் பார்க்க முடியுமா?

இதற்கு வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது, "அரசாங்கக் கணக்குப்படி ஆசிரியருக்கு முப்பது மாணவர்கூட இல்லையே." இது ஏட்டுச் சுரைக்காய். நகரத்துப் பள்ளியில் ஒரு பிரிவில் எழுபது, பதினைந்து மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் வகுப்புக்குப் பத்து. சராசரி நாற்பது. அந்த நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கிறதா? அதுவும் இல்லாமல், மாணவர்களை ஆசிரியர்களால் வகுக்கிற அந்த விகிதம் எல்லாப் பாடத்து ஆசிரியர்களையும் சேர்த்தது. கணக்கு ஆசிரியர் ஒருவரே ஆறிலிருந்து பத்து வரை எடுக்கும் பள்ளிகளில் விகிதம் அழகாகத்தான் இருக்கும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆனால் அதே சட்டம் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்துத்தான் குறைந்தது ஓர் ஆசிரியர் என்கிறது. எட்டாவதோடு சட்டத்தின் கை முடிந்துவிடுகிறது. கணக்கு கடினமாகிற ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அது வருவதே இல்லை.

இரண்டாவது, "வெளிநாட்டு ஆராய்ச்சியே வகுப்பின் அளவு முக்கியம் இல்லைன்னு சொல்லுது." பேரன் இணையத்தில் எடுத்துக் கொடுத்ததை உட்கார்ந்து படித்தேன். ஆராய்ச்சி ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-இல் ஆரம்பித்து, சிறு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் வகுப்பிலும், 22 முதல் 25 பேர் வகுப்பிலும் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். சிறிய வகுப்பு கணக்கிலும் வாசிப்பிலும் முந்தியது. ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கூடுதல் பலன். ஆனால் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகள், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அல்ல. அதை மறைக்க மாட்டேன்.

கென்யாவில் எண்பது பேருக்கு மேல் இருந்த முதல் வகுப்புகளை ஏறக்குறைய பாதியாக்கினார்கள். நிரந்தர ஆசிரியர்களின் வகுப்பில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் புதிதாக வந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். நண்பர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். நான் நிரந்தர ஆசிரியனாக இருந்தவன், அதனால் வெட்கத்தோடு சொல்கிறேன், இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எழுபது பேருக்குச் செய்த அதே பிரசங்கத்தை நாற்பது பேருக்கும் செய்து, கடைசி வரிக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தால் வகுப்பைச் சிறிதாக்கி என்ன பயன்? சிறிய வகுப்பு தானாகப் பாடம் சொல்லிக்கொடுக்காது. நோட்டைப் பார்க்க நேரம் தரும். அந்த நேரத்தில் ஆசிரியர் பார்க்க வேண்டும். ஆனால் நேரமே இல்லாதவனை, ஏன் பார்க்கவில்லை என்று கேட்கவும் முடியாது.

ஜப்பானில் நடுநிலைப் பள்ளி வகுப்பில் நாற்பது பேர் வரை இருந்தும் கணக்கில் கொடிகட்டிப் பறக்கிறார்களே என்பார்கள். சரி, நாற்பது கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள்கூட 2021-இல் தொடக்கப் பள்ளிக்கு அதை முப்பத்தைந்தாகக் குறைக்கச் சட்டம் திருத்தினார்கள். நம் நாட்டு சி.பி.எஸ்.இ. விதிகளும் ஒரு பிரிவுக்கு நாற்பது என்றுதான் சொல்கின்றன. நாற்பதா முப்பத்தைந்தா என்று அப்புறம் சண்டை போடலாம். எழுபதுக்கு எந்த ஊரிலும் வக்காலத்து இல்லை.

மூன்றாவது பதில் ஸ்மார்ட் போர்டு. பெரிய திரையில் படம் ஓடுகிறது, அழகாகத்தான் இருக்கிறது. அது என் முத்து மாதிரி எழுத்தைவிட நல்ல கரும்பலகை, அவ்வளவே. மூன்றாவது பெஞ்சுப் பையனின் நோட்டை அது எட்டிப் பார்க்காது.

வங்கி நண்பருக்கு இனித்தான் என் உண்மையான பதில். போன மாதம் இதே படிக்கட்டில் அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பேரனுக்குக் கணக்குக்கு நல்ல டியூஷன் கிடைச்சிருக்கு சார். ஒரு பேட்ச்சுக்கு எட்டு பேர்தான் எடுக்கிறார்." எட்டு பேர்! எழுபது பேர், நூறு பேர் இருக்கிற டியூஷனை ஏன் தேடவில்லை? நல்லா நடத்தினால் போதுமே? வகுப்பின் அளவு முக்கியம் இல்லை என்று சொல்கிற எவரும் தன் சொந்தப் பேரப்பிள்ளை விஷயத்தில் அதை நம்புவதில்லை. காசு உள்ளவன் சிறிய வகுப்பை மாலை ஆறு மணிக்கு மேல் விலைக்கு வாங்குகிறான். காசில்லாதவன் பிள்ளைக்கு 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பெயர் வைத்து, பாஸ் மார்க்குக்கு ஒரு கையேட்டைக் கொடுக்கிறோம். என் திண்ணைக்கு வந்த பையன் மெல்லக் கற்றவன் அல்ல. அவனை நான்தான் மெல்லக் கவனித்தேன். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்த தப்பை ஒரு வருடம் முழுக்கப் பார்க்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளைப் பேறு குறைந்துவிட்டது. பல பள்ளிகளில் எண்ணிக்கை தானாகவே இறங்கிக்கொண்டு வருகிறது. எழுபதை முப்பத்தைந்தாக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. புதிய கட்டடம்கூட வேண்டாம். ஆனால் நடப்பது என்ன? ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு பிரிவை ஒன்றாக்கி, ஓர் ஆசிரியரை 'உபரி' என்று எழுதி, பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு அவர் போவது நியாயம்தான். ஆனால் முப்பத்திரண்டும் முப்பத்துநான்குமாக இருந்த இரண்டு பிரிவுகளைச் சேர்த்து அறுபத்தாறாக்கிவிட்டு, அதை நிர்வாகச் சிக்கனம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த முப்பத்துநான்கில்தான் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

நாம் ஓய்வு பெற்றவர்கள், நம்மால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். இப்போது ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தெரிந்த பெற்றோர் யாராவது அதில் இருப்பார்கள். மூன்று கேள்விகளை அவர்களிடம் எழுதிக் கொடுங்கள். ஒன்பது, பத்து வகுப்புகளில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், சராசரி வேண்டாம், பிரிவுவாரியாக? கணக்கு ஆசிரியருக்கு வாரத்துக்கு எத்தனை பீரியடு, மொத்தம் எத்தனை நோட்டு? பிரிவைப் பிரிக்க அறை இல்லை என்றால், வாரம் இரண்டு நாளாவது கணக்குப் பீரியடுக்கு மட்டும் வகுப்பை இரண்டாகப் பிரித்து உட்கார வைக்க முடியுமா? கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்ப்போம்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வாரம் வந்தான். அந்த ஒரு குறி சரியானதும் மீதியெல்லாம் தானாக நிமிர்ந்தது. மறுதேர்வில் 58 வாங்கினான். மதிப்பெண் பட்டியலை அவன் அம்மாதான் கொண்டுவந்து காட்டினார்கள். பாலிடெக்னிக்கில் சேர்க்க அந்த வருடத்துத் தேதி முடிந்திருந்தது. அதற்குள் அவனும் அப்பாவோடு திருப்பூருக்கு பஸ் ஏறியிருந்தான். அடுத்த வருடம் சேர்த்துவிடலாம் அம்மா என்றேன். "பார்க்கலாம் சார்" என்றார்கள். அடுத்த வருடம் அவன் வரவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திண்ணையில் விட்டுப் போனான், திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. நாளை மாலை படிக்கட்டுக்கு எடுத்துப் போகிறேன். வங்கி நண்பர் கணக்கில் கெட்டிக்காரர். அவரே ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்க்கட்டும்.